பூட்டுப்படுது, ஆனா வேலை செய்யல்ல: கணினிப் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்திய வரலாறு



இது கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் "கேம் கொம்பியூட்டர் ஒண்டு பூட்டித் தாங்க" என்று நச்சரிக்கும் பிள்ளை இருந்தால், சல்லியை எண்ணிக் கொடுக்கும் முன் ஒரு தடவை முழுவதும் வாசியுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி வாசித்தால் இன்னும் நல்லது.

கடந்த மாதம் ஒரு நாள் அசர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், வாசலில் ஓட்டோ ஒன்று நிற்கிறது. ஒலுவில் துறைமுகத்தில் வள்ளம் விடும் ஒரு காக்காவும், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் அவருடைய மகனும் வந்திருந்தார்கள். தம்பியின் மடியில் ஒரு கணினிக் கேஸிங். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது.

தம்பி ஆறு மாதமாகச் சல்லி சேர்த்து, மீதியை வாப்பா போட்டு, ஒன்லைனில் ஒவ்வொரு பாகமாக ஒவ்வொருவரிடம் வாங்கியிருக்கிறார். எல்லாம் பாவித்த பொருட்கள். இன்டெல் ஐ5 8400 புரொசசர், எச்110 மதர்போட், 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்ட், 500 வொட் பவர் சப்ளை. யூடியூபைப் பார்த்து வடிவாகத்தான் பூட்டியிருந்தார், குறை சொல்ல முடியாது. சுவிட்சைப் போட்டால் விசிறியெல்லாம் சுற்றுகிறது. திரை மட்டும் கறுப்பு.

ரேமைக் கழற்றி அழிறப்பரால் துடைத்துப் பார்த்தோம். கிராபிக்ஸ் கார்டை வேறு கணினியில் போட்டுப் பார்த்தோம், வேலை செய்தது. பிறகுதான் மதர்போட்டின் பெயரையும் புரொசசரின் மேலே பொறித்திருந்த இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தோம். இரண்டும் எல்ஜிஏ 1151 சொக்கட். இரண்டிலும் எந்தப் பழுதும் இல்லை. ஆனாலும் அவை இரண்டும் ஒன்றாக வேலை செய்யா.

காக்கா கேட்ட கேள்வி இதுதான்: "பூட்டுப்படுதே சேர், அப்ப ஏன் வேலை செய்யல்ல? ஒரே அச்சுல செஞ்சிட்டு ரெண்டும் வேறண்டா, அது ஏமாத்து இல்லையா?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால்தான் இந்தப் பதிவு. கணினியில் ஒரு பாகம் இன்னொன்றோடு பொருந்துவது தானாக நடக்கும் காரியமில்லை. யாரோ சிலர் இருந்து பேசி, சண்டை பிடித்து, வழக்காடி, கடைசியில் இணங்கி வந்த உடன்படிக்கை அது. சில உடன்படிக்கைகள் 30 வருடமாக நிற்கின்றன. சிலவற்றைக் கம்பனிகளே இரண்டு வருடத்தில் முறித்துவிடுகின்றன. எது நிற்கிறது, எது முறிந்தது என்று தெரியாமல் வாங்கப் போனால் நட்டம் எமக்குத்தான்.

*ஒன்றுமே பொருந்தாத காலம்*

அட்டாளைச்சேனைக் கல்விக் கல்லூரியில் எமக்குச் சொல்லித் தந்த முதல் பாடங்களில் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பது. வள்ளத்து இன்ஜின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு நட்டோடு வந்தால் எப்படி இருக்கும்? ஒரு இன்ஜினை மாற்றினால் சாவி, பிளக், பைப் எல்லாவற்றையும் வீசிவிட்டுப் புதிது வாங்க வேண்டும் என்றால்? ஆரம்பகாலக் கணினிகள் அப்படித்தான் இருந்தன. ஒரே கம்பனி செய்த சிறிய இயந்திரத்துக்கு எழுதிய புரோகிராம் அதே கம்பனியின் பெரிய இயந்திரத்தில் ஓடாது. புதிதாக வாங்கினால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும்.

1964 ஏப்ரல் 7 ஆம் திகதி ஐபிஎம் கம்பனி சிஸ்டம் 360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சிறியதில் எழுதியது பெரியதிலும் ஓடும் என்பதுதான் அதன் பெரிய புதுமை. கணினி உலகில் "பொருந்தும்" என்ற சொல்லுக்கு விலை வந்தது அன்றுதான். ஆனால் அந்தப் பொருத்தம் ஒரே வீட்டுக்குள்தான். வெளியாள் ஒருவர் பாகம் செய்து விற்பதை ஐபிஎம் விரும்பவில்லை.

*1981: கதவு திறந்த கதை*

அதே ஐபிஎம்தான் பிறகு கதவைத் திறந்தது. அதுவும் அவசரத்தில். சிறிய கணினிச் சந்தையில் மற்றவர்கள் முந்திக்கொண்டு போவதைக் கண்டு, புளோரிடாவிலுள்ள பொக்கா ரட்டன் என்ற ஊரில் ஒரு சிறு குழுவிடம் வேலையைக் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம்தான் அவகாசம். எல்லாவற்றையும் தாங்களே செய்ய நேரமில்லை. ஆகவே சந்தையில் கிடைத்ததை வாங்கிப் பூட்டினார்கள். புரொசசர் இன்டெலிடம், இயங்கு தளம் மைக்ரோசொஃப்டிடம். 1981 ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஐபிஎம் பிசி வெளிவந்தது. ஆரம்ப விலை 1,565 டொலர்.

உள்ளே வேறு பாகங்கள் பூட்ட ஐந்து இடங்கள் விட்டிருந்தார்கள். மற்றவர்கள் அதற்கு ஏற்ற கார்ட் செய்து விற்பதற்காக, சுற்று வரைபடம் முதல் உள்ளே ஓடும் பயோஸ் என்ற சிறு புரோகிராம் வரை ஒரு புத்தகமாக அச்சிட்டும் விற்றார்கள். கணினிக்கு உயிர் வந்தவுடன் முதலில் ஓடி, எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் பயோஸ். அதன் எழுத்துரிமை மட்டும் ஐபிஎம் கையில் இருந்தது. மற்றதெல்லாம் காசு கொடுத்தால் எவருக்கும் கிடைக்கும்.

அடுத்த வருடம், 1982 இல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனியை விட்டு வந்த மூன்று பேர் கொம்பக் என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். பயோஸைக் களவெடுக்காமல் அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை எழுத வேண்டும். அதற்கு ஆட்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் ஐபிஎம் பயோஸ் என்னென்ன செய்கிறது என்று பார்த்துக் குறிப்பு எழுதினார்கள். ஐபிஎம் எழுதியதை ஒருபோதும் கண்ணால் காணாத மற்றப் பகுதியினர், அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதினார்கள். வழக்குப் போட இடமில்லை. கிட்டத்தட்ட 13 கிலோ நிறையுள்ள அந்தத் தூக்கிச் செல்லும் கணினி 1983 இல் சந்தைக்கு வந்தது. முதல் வருட விற்பனை 111 மில்லியன் டொலர்.

1984 இல் பீனிக்ஸ் என்ற கம்பனி, தான் இதே முறையில் எழுதிய பயோஸை எவருக்கும் விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு தாய்வானிலிருந்து புற்றீசல் போலக் கம்பனிகள் கிளம்பின. இன்று எமது பிள்ளைகள் பெட்டியில் பார்க்கும் பெயர்கள்தான்: கிகாபைட்டும் எம்எஸ்ஐயும் 1986, அசுஸ் 1989. வீட்டு மேசையில் ஸ்க்ரூ டிரைவரோடு இருந்து ஒரு கணினியைப் பூட்ட முடிகிறதென்றால், அதற்கான வழி இந்த மூன்று நான்கு வருடங்களில் திறந்ததுதான்.

*கதவை மூடப் பார்த்தவர்களுக்கு நடந்தது*

தான் திறந்த கதவால் மற்றவர்கள் உழைப்பதை ஐபிஎம்மால் பொறுக்க முடியவில்லை. 1987 இல் பிஎஸ்/2 என்ற புதிய வரிசையைக் கொண்டுவந்தது. உள்ளே மைக்ரோ சனல் என்ற புதிய வகைத் துளை. தொழினுட்பமாகப் பார்த்தால் பழையதை விட நல்லது. ஆனால் பழைய கார்ட் எதுவும் அதில் பூட்டுப்படாது. மற்றக் கம்பனிகள் அதைச் செய்வதானால் ஐபிஎம்முக்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

1988 செப்டெம்பரில் கொம்பக் தலைமையில் ஒன்பது கம்பனிகள் கூடி, "நாங்கள் எங்கள் வழியில் போகிறோம்" என்று அறிவித்தன. அவை கொண்டுவந்த ஈஐஎஸ்ஏ துளையில் புதிய கார்டும் பூட்டுப்படும், பழைய கார்டும் பூட்டுப்படும். சந்தையை உண்டாக்கிய ஐபிஎம்மின் கையை விட்டே சந்தை போய்விட்டது. பிஎஸ்/2 என்ற பெயர் இன்று மதர்போட்டின் பின்பக்கத்திலுள்ள வட்ட வடிவக் கீபோர்ட் துளையில்தான் மிஞ்சியிருக்கிறது. 1992 இல் இன்டெல் முன்னின்று கொண்டுவந்த பிசிஐ துளை இரண்டு பக்கத்துச் சண்டையையும் முடித்து வைத்தது.

ஆட்களிடம் ஏற்கெனவே இருக்கும் பொருளை மதிக்கும் உடன்படிக்கைதான் நிலைத்தது.

*கேம் விளையாடுபவர்களின் பங்கு*

கேம் வீண் வேலை என்று சொல்லும் பெரியவர்களுக்காக இதையும் எழுத வேண்டும். பாகங்கள் பொருந்தும் கதையில் கேமுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆரம்பத்துப் பிசியில் "பீப்" என்ற சத்தத்தைத் தவிர வேறில்லை. 1987 இல் கனடாவிலிருந்து அட்லிப் என்ற இசைக் கார்ட் வந்தது. கேம் எழுதுபவர்கள் அதற்கென்று எழுதத் தொடங்கினார்கள். 1989 இல் சிங்கப்பூரைச் சேர்ந்த சிம் வோங் ஹூ என்பவரின் கிரியேட்டிவ் கம்பனி சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. அட்லிப்புக்கு எழுதிய கேம் எல்லாம் அதில் அப்படியே ஓடும். அதற்கு மேல் மனிதக் குரல், வெடிச்சத்தம் போன்றவையும் வரும். ஜோய்ஸ்டிக் பூட்ட ஒரு துளையும் அதிலேயே. எமது ஆசியாவின் ஒரு சிறு தீவுக் கம்பனி உலகத்தை வென்றது இருந்ததோடு பொருந்தி, அதற்கு மேல் ஒன்று கொடுத்ததால்தான்.

ஆனால் அந்தக் காலத்தில் பொருத்துவது பெரிய தலையிடி. துளை 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று கேமுக்குள்ளே போய் எழுத வேண்டும். ஐஆர்க்யூ என்பது ஒவ்வொரு பாகமும் புரொசசரைக் கூப்பிடப் பாவிக்கும் மணி மாதிரி. இரண்டு பாகம் ஒரே மணியை அடித்தால் கணினி விறைத்துப் போகும். கார்டைக் கழற்றிச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மூடியை ஒரு கம்பியிலிருந்து மற்றக் கம்பிக்கு மாற்ற வேண்டும். 1995 இல் விண்டோஸ் 95 வந்த பிறகுதான், பூட்டினால் கணினியே கண்டுபிடித்துக்கொள்ளும் என்ற நிலை மெல்ல மெல்ல வந்தது.

*சிவப்புச் சுவிட்ச்*

எமது சொந்தக் கதை இனித்தான் வருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எமது கரையோர ஊர்களுக்கு நிறைய உதவிகள் வந்தன. நாம் அப்போது பாடசாலை மாணவர். பக்கத்து ஊரில் ஓரிடத்துக்கு வெளிநாட்டிலிருந்து பாவித்த கணினிகள் சில வந்து இறங்கின. நாம் கூட்டாளிமாரோடு ஜன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு பெரியவர் வயரைக் கொழுவிச் சுவிட்சைப் போட்டார். டப் என்றொரு சத்தம். புகை. மீன் எரிந்த மாதிரி ஒரு மணம். "என்னடா இது" என்று இரண்டாவதையும் போட்டார்கள். அதுவும் டப்.

பின்பக்கத்தில் பவர் சப்ளையில் ஒரு சிவப்புச் சுவிட்ச் இருந்தது. அதில் 115 என்று தெரிந்தது. எமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். 115 இல் வைத்தால், வரும் மின்சாரத்தை உள்ளே இரட்டிப்பாக்கும் சுற்று வேலை செய்யும். 230 ஐ இரட்டித்தால் உள்ளே 600 வோல்ட்டுக்கு மேல் ஏறி, அதைத் தாங்க முடியாமல் கொள்ளளவிகள் வெடிக்கும். மோட்டார் சைக்கிளில் வந்த திருத்துநர் ஒருவர் மற்றக் கணினிகளின் சுவிட்சை ஒரு விரலால் தள்ளிவிட்டார். அவ்வளவுதான், அவை எல்லாம் வேலை செய்தன. வயர் பொருந்தியது, பிளக் பொருந்தியது, மின்சாரம் பொருந்தவில்லை. நாம் இந்தத் துறைக்குள் வந்ததே அந்தப் புகையைக் கண்டுதான்.

பவர் சப்ளை விஷயத்தில் அதற்கு முந்திய தலைமுறை இன்னும் பட்டிருக்கிறது. 1995 க்கு முன் மதர்போட்டுக்கு மின்சாரம் போனது ஒரே மாதிரியான இரண்டு துண்டு இணைப்பால். கறுப்பு வயர்கள் நடுவில் சந்திக்க வேண்டும். மாற்றிக் கொழுவினால் போட் எரியும். 1995 இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுத்திட்டத்தை வெளியிட்டது. ஒரு பக்கமாக மட்டும் போகும் ஒற்றை இணைப்பு, ஸ்க்ரூ ஓட்டை எங்கே வர வேண்டும், பின்பக்க ஜன்னல் எவ்வளவு அகலம் என்று எல்லாம் அதில் உண்டு. இன்று வரைக்கும் அது நிற்கிறது. 20 வருடத்துக்கு முந்திய ஏடிஎக்ஸ் கேஸிங்கில் இன்று வாங்கிய ஏடிஎக்ஸ் மதர்போட்டை ஸ்க்ரூ பூட்டலாம்.

*இனி காக்காவின் கேள்விக்கு*

புரொசசர் பக்கம் அப்படியில்லை. 1990 களின் நடுவில் சொக்கட் 7 என்று ஒன்று இருந்தது. இன்டெல் பென்டியமும் அதில் போகும், ஏஎம்டி கம்பனியின் கே6 உம் போகும், சைரிக்ஸும் போகும். ஒரே மதர்போட்டில் யாருடைய புரொசசர் மலிவோ அதை வாங்கிப் போடலாம். 1997 இல் இன்டெல் பென்டியம் 2 ஐ ஸ்லொட் 1 என்ற புதிய துளையோடு கொண்டுவந்தது. அதற்குக் காப்புரிமை எடுத்திருந்ததால் மற்றவர்கள் செய்ய முடியாது. 1999 இல் ஏஎம்டி தனது ஸ்லொட் ஏ யைக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே பிளாஸ்டிக் துளையைத்தான் திருப்பிப் பூட்டியிருந்தார்கள். ஒன்றை மற்றதில் தவறிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. அன்றிலிருந்து புரொசசர் வாங்குபவர் முதலில் கட்சியைத் தெரிவு செய்ய வேண்டியதாயிற்று.

2017 ஒக்டோபரில் இன்டெலின் எட்டாம் தலைமுறை வந்தது. தம்பி வாங்கிய ஐ5 8400 அதில் ஒன்று. நான்கு கோராக இருந்தது ஆறு கோரானது. சொக்கட்டின் பெயர் மாறவில்லை, எல்ஜிஏ 1151 தான். உருவமும் மாறவில்லை. ஆனால் ஆறு கோருக்கு மின்சாரம் கூடுதலாக வேண்டுமென்று, அது வரை சும்மா விட்டிருந்த முனைகள் சிலவற்றை மின்சாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மின்சாரம் போகும் முனைகள் 128 இலிருந்து 146 ஆகின. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கு வந்த எச்110 போன்ற 100, 200 வரிசை மதர்போட்கள் அதை ஏற்கா. 300 வரிசை மதர்போட் வேண்டும்.

அப்படியானால் ஏமாற்றா? பிறகு சில கைதேர்ந்த ஆட்கள் பயோஸை மாற்றி எழுதி, சில முனைகளை மறைத்து, பழைய போட்டில் இந்தப் புரொசசர்களை ஓட்டிக் காட்டினார்கள். ஆகவே முடியவே முடியாத காரியம் என்றில்லை. வியாபாரமும் அதில் கலந்திருந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். எமது குறை வேறு. மாற்றுவதென்றால் உருவத்தையும் மாற்றியிருக்க வேண்டும். ரேமைப் பாருங்கள். டிடிஆர்2 க்கும் டிடிஆர்3 க்கும் 240 முனைதான். டிடிஆர்4 க்கும் டிடிஆர்5 க்கும் 288 முனைதான். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் கீழேயுள்ள வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். தவறான போட்டில் தள்ளினாலும் இறங்காது. பாவிப்பவர் தவறு விடுவார் என்று முன்கூட்டியே நினைத்துச் செய்த வேலை அது. 1151 இல் அந்த நினைப்பு இல்லை. அதனால்தான் காக்காவின் சல்லி கறுப்புத் திரையாகிப் போனது.

மறுபக்கத்தில் ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கட். 2016, 2017 இல் வந்தது. 2020 இல், புதிதாக வரும் 5000 வரிசை பழைய போட்களில் ஓடாது என்று கம்பனி சொன்னபோது பாவனையாளர்கள் பெரிதாகச் சத்தம் போட்டார்கள். கம்பனி இறங்கி வந்தது. 2022 இல், 2017 ஆம் வருட 300 வரிசைப் போட்களுக்கும் வழி விட்டார்கள். 2022 ஐ நாம் மறப்போமா? மார்ச் மாதம் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமாகும்போது 360 அளவுக்குப் போனது. 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள். அந்த நேரம் ஏஎம்4 போட் வைத்திருந்தவர் புரொசசரை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில் இருந்தார். மற்றவர் போட், ரேம் என்று முழுதாக மாற்ற வேண்டியிருந்தது. உடன்படிக்கை நீடித்தால் ஏழைக்கு என்ன இலாபம் என்பதற்கு இதை விட உதாரணம் வேண்டாம்.

*வாங்கும் முன் பார்க்க வேண்டியவை*

1. மதர்போட் செய்த கம்பனியின் தளத்துக்குப் போய், அந்த மொடலுக்குரிய புரொசசர் பட்டியலைப் பாருங்கள். சொக்கட் பெயர் ஒன்று என்று விற்பவர் சொல்வது போதாது. பட்டியலில் புரொசசருக்கு நேரே எந்த பயோஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்றும் இருக்கும். ஏஎம்4 இலும் பழைய பயோஸோடு புதிய புரொசசரைப் போட்டால் கறுப்புத் திரைதான். பழைய புரொசசர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு பயோஸைப் புதுப்பிக்க வேண்டி வரும்.

2. ரேம். ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்தான். இன்டெலின் எல்ஜிஏ 1700 போட்களில் சில டிடிஆர்4, சில டிடிஆர்5. ஒரே பெயரில் இரண்டு வகையும் வருவதால் மொடல் பெயரின் கடைசி எழுத்து வரை வாசியுங்கள்.

3. இன்டெல் புரொசசர் பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை. கார்டைப் பிறகு வாங்கலாம் என்று நினைத்து இதை வாங்கினால் திரையில் ஒன்றும் வராது.

4. கிராபிக்ஸ் கார்ட். பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் பழையதும் புதியதும் ஒன்றையொன்று ஏற்கும், நல்ல உடன்படிக்கை. ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற சில கார்ட்கள் நான்கு வழியை மட்டும் பாவிப்பதால், பழைய போட்டில் வேகம் குறையும். கேஸிங்குக்குள் எத்தனை மில்லிமீற்றர் நீளம் பிடிக்கும் என்றும் அளந்து பாருங்கள்.

5. எம்.2 ஹாட் டிஸ்க். சாட்டா, என்விஎம்இ இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். உங்கள் போட்டின் துளை எதை ஏற்கும் என்று பாருங்கள்.

6. பவர் சப்ளையில்தான் ஆட்கள் சல்லியை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். கார்டுக்கு வேண்டிய 6 முனை, 8 முனை இணைப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வயரைக் கழற்றிப் பூட்டும் வகையாக இருந்தால், ஒரு கம்பனியின் வயரை மற்றக் கம்பனியின் பவர் சப்ளைக்கு ஒருபோதும் கொழுவ வேண்டாம். பவர் சப்ளைப் பக்கத்து முனைகளின் ஒழுங்குக்குப் பொதுவான உடன்படிக்கை இல்லை. சரியாகப் பூட்டுப்படும். ஹாட் டிஸ்க் எரிந்துவிடும். பழைய சப்ளையில் சிவப்புச் சுவிட்ச் இருந்தால், மேலே எழுதிய கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

7. விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது. டிபிஎம் 2.0 உம் வேண்டும். மலிவென்று ஆறாம், ஏழாம் தலைமுறை வாங்குபவர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

*தம்பியின் கணினி என்னவானது?*

ஏழாவதில் சொன்ன காரணத்தால்தான், புரொசசரை விற்றுவிட்டு ஆறாம் தலைமுறை வாங்கலாம் என்று தம்பி சொன்னபோது நாம் மறித்தோம். புரொசசரை வைத்துக்கொண்டு போட்டை மாற்றுவோம் என்றோம். விற்ற ஆள் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். சம்மாந்துறையில் எமது பழைய மாணவர் ஒருவர் எச்310 போட் ஒன்றை வைத்திருந்தார். எச்110 ஐக் கொடுத்து, மேலே ஆறாயிரம் ரூபா கட்டினோம். ரேம் அதே டிடிஆர்4 தான், அப்படியே போனது. இரண்டாம் நாள் மஃரிபுக்குப் பிறகு திரையில் எழுத்து வந்தபோது தம்பி ஒன்றும் பேசவில்லை. உம்மாவுக்குக் கோல் எடுத்துக் காட்டினார்.

ஆறாயிரம் ரூபா என்பது, மீன் படாத வாரத்தில் அந்த வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. காக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டு இப்படிச் சொன்னார்: "நம்மட துறைமுகம் மாதிரித்தான் சேர். கல்லும் நல்ல கல்லு, வேலையும் நல்ல வேலை. கடலோட சேரல்ல."

ஒலுவில்காரர் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. டென்மார்க் நாட்டுக் கடனுதவியோடு 2008 இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் 1 ஆம் திகதி திறந்த துறைமுகம். எமது கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நடந்துகொண்டிருப்பது. அலைதடுப்பு அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் மேடானது, வாய் மணலால் அடைபட்டது, வடக்கே எமது தென்னந்தோட்டங்களைக் கடல் கொண்டுபோனது. மணலைத் தோண்ட, திரும்பவும் மணல் வர, வள்ளங்கள் காத்துக் கிடந்த நாட்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வணிகக் கப்பல் வந்து போகும் துறைமுகமாக அது இன்னும் ஆகவில்லை. துறைமுகத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பிழை தெரியாது. அது எதோடு சேர வேண்டும் என்று பார்த்தால்தான் தெரியும்.

மதர்போட் பிழைத்தால் ஆறாயிரத்தோடு போகும். கரை பிழைத்தால் அப்படி மாற்ற முடியாது. அதனால்தான் பிள்ளைகள் கேம் கணினி பூட்டுவதை நாம் தடுக்கச் சொல்லவில்லை. வாங்கும் முன் இரண்டு பொருளின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து வாசித்து, "இது எதோடு சேர வேண்டும்?" என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு வீடு கட்டும்போதும் அதைக் கேட்கும். ஊருக்கு ஒரு திட்டம் வரும்போதும் எழும்பி நின்று கேட்கும்.

வாங்க நினைப்பவர்கள் பாகங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சல்லி கொடுக்கும் முன்னர் வாருங்கள். வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு நாம் வீட்டில்தான் இருப்போம். ஒன்றாக இருந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். கைவசம் பழைய போட், ரேம், புரொசசர் சும்மா கிடப்பவர்கள் கீழே எழுதிவிடுங்கள். உங்களிடம் தூசு பிடித்துக் கிடப்பது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கணினிக்குச் சரியாகப் பொருந்தக்கூடும்.